சுவரைக் கழுவும் தண்ணீரும் அண்டை வீட்டாரின் உரிமையும்



ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் உங்கள் வீட்டு வெளிச்சுவரைப் பாருங்கள். பச்சைப் பாசி ஏறியிருக்கும், வாசல்படி வழுக்கும். இப்போது பலரும் பிரஷர் வாஷர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துக் கழுவுகிறார்கள். நல்ல காரியம்தான். தூய்மையை நம் மார்க்கம் ஈமானோடு சேர்த்தே பேசுகிறது. ஆனால் கழுவிய அழுக்கு எங்கே போகிறது என்று யோசித்தோமா?

பாசியும் ப்ளீச்சிங் பவுடரும் கலந்த அந்த நீர் தெருவில் ஓடி, பக்கத்து வீட்டு வாசலில் தேங்குகிறது. விடியற்காலை இருட்டில் பஜ்ருக்குப் புறப்படும் ஒரு முதியவர் அதில் கால் வைத்து விழுந்தால் என்ன ஆகும்? நம் சுவர் வெளுக்கும், அவருடைய இடுப்பு முறியும். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையே ஈமானின் கிளைகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். நாமே இடையூறை உண்டாக்கலாமா?

அடுத்தது தண்ணீர். வீட்டு உபயோக இயந்திரம் நிமிடத்துக்குச் சுமார் 6 முதல் 8 லிட்டர் பீய்ச்சும். அரை மணி நேரத்தில் 200 லிட்டர் போய்விடும். முழுவதும் திறந்துவிட்ட ஹோஸ் பைப்பில் இதைவிட அதிகம் போகும். ஆகவே இயந்திரத்தின் மீது குறையில்லை. விசையை அழுத்தியபடி பேசிக்கொண்டு நிற்கிறோமே, அதுதான் வீண்விரயம். இரு கைகளும் சேர்த்து அள்ளும் ஒரு ‘முத்’ அளவு நீரில் உளூச் செய்த நபியின் உம்மத் நாம்.

எப்படிக் கழுவுவது?

முதலில் பாசியைப் பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்து, அள்ளிக் குப்பையில் போடுங்கள். தண்ணீர் அதிலேயே மிச்சமாகும். பிறகு மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். விசிறிபோல் விரியும் முனையையே மாட்டுங்கள். ஊசிபோல் பாயும் முனை பூச்சைப் பெயர்க்கும், தோலையும் கிழிக்கும். விளையாட்டுக்குக்கூட யார்மீதும் திருப்பாதீர்கள். மீட்டர் பெட்டி, சுவிட்சுப் பக்கம் நீர் படவே கூடாது. பழைய சுண்ணாம்புச் சுவருக்குக் கைப்பிரஷ்ஷே போதும். ப்ளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலக்காதீர்கள், நச்சுப் புகை கிளம்பும்.

முந்தைய நாளே பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். கொடியில் துணி காயும், குழந்தை தூங்கும். வேலை முடிந்ததும் அவர்கள் வாசலையும் கூட்டித் தள்ளிவிட்டு வாருங்கள்.

நம் வீட்டின் தூய்மை பிறருக்குத் தொல்லையாகிவிடாமல் அல்லாஹ் நம்மைப் பாதுகாப்பானாக! ஆமீன்.