வெப்பமானி காட்டாத வெப்பம்

முன்னுரை

பொருள்கள் திண்மம், நீர்மம், வாயு என மூன்று நிலைகளில் உள்ளன என்பதைப் பள்ளியிலேயே படித்தோம். பனிக்கட்டி வெப்பம் பெற்றால் நீராகும். நீர் வெப்பம் பெற்றால் ஆவியாகும். இஃது அனைவரும் அறிந்ததே. ஆனால், உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டியில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். முழுவதும் உருகி முடியும் வரை அது 0° சென்டிகிரேடிலேயே நிற்கும். கொதிக்கும் நீரிலும் அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் 100°-ஐத் தாண்டாது. அப்படியானால் நாம் கொடுத்த வெப்பம் எங்கே போயிற்று?

பிளாக் செய்த சோதனை

இக்கேள்விக்கு விடை கண்டவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் பிளாக். உருகும் நிலையை அடைந்த பனிக்கட்டிக்கு இன்னும் சிறிது வெப்பம் கொடுத்தாலே முழுவதும் நீராகிவிடும் என்று அக்காலத்தில் எண்ணினர். அஃது உண்மையாயின், வேனில் பிறந்ததும் மலைப்பனி முழுவதும் ஒரே நேரத்தில் உருகி, ஊர்களை வெள்ளம் கொண்டு போயிருக்குமே என்று சிந்தித்தார் பிளாக்.

1760-களின் தொடக்கத்தில் அவர் செய்த சோதனை மிக எளியது. இரண்டு மெல்லிய கண்ணாடிக் குடுவைகளில் சம அளவு நீர் எடுத்தார். ஒன்றை உறைய வைத்தார். மற்றதை 33° பாரன்ஹீட் வரை குளிர்வித்தார். இரண்டையும் ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டார். நீர் இருந்த குடுவை அரை மணி நேரத்தில் 40°-ஐ அடைந்தது. பனிக்கட்டி இருந்த குடுவை அதே 40°-ஐ அடையப் பத்தரை மணி நேரம் ஆயிற்று!

இனிக் கணக்கைப் பார்ப்போம். அரை மணிக்கு 7 பாகை உயர்த்தும் வெப்பம் வருகிறது. பத்தரை மணியில் 21 அரை மணிகள்; 21 × 7 = 147. இதில் 32°-இலிருந்து 40° வரை நீரைச் சூடாக்கியது 8 பாகை மட்டுமே. மீதி 139 பாகை வெப்பம் பனிக்கட்டியை உருக்குவதற்கே செலவாயிற்று. இன்றைய அளவு 144 பாகை. இரண்டு குடுவைகளையும் ஒரு கடிகாரத்தையும் கொண்டு அவர் உண்மைக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டார் என்பது வியப்பளிக்கிறது. இவ்வாறு மறைந்து நிற்கும் வெப்பமே ‘உள்ளுறை வெப்பம்’ ஆகும்.

மூலக்கூறுகளின் பிணைப்பு

வெப்பநிலை என்பது மூலக்கூறுகளின் இயக்கத்தைக் காட்டும் அளவு. நிலை மாறும்போது வரும் வெப்பம் அவ்வியக்கத்தை மிகுவிப்பதில்லை. மூலக்கூறுகளிடையே உள்ள பிணைப்பைத் தளர்த்தவே பயன்படுகிறது. 1 கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி போதும். அந்த நீரை 0°-இலிருந்து 100°-க்குக் கொண்டுவர 100 கலோரி. ஆனால் 100°-இல் உள்ள 1 கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். உருகும்போது பிணைப்பு தளர்கிறது. ஆவியாகும்போதோ அறவே விடுபடுகிறது.

ஆவி மீண்டும் நீராகும்போது இந்த 540 கலோரியும் வெளிவருகிறது. இட்லி வேகுவது இதனால்தான். கொதிநீர் பட்ட புண்ணைவிட அதே 100° நீராவி பட்ட புண் கொடியதாக இருப்பதும் இதனால்தான். எனவே இட்லிப் பானையின் மூடியைத் திறப்பவர் தம் முகத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்துத் திறப்பது நலம்.

வியர்வையும் உயிரும்

வியர்வை நம் உடலைக் குளிர்விப்பதும் இதே விதியின்படிதான். தோலில் 1 கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆனால் ஆவியாக வேண்டும்; சொட்டி விழும் வியர்வையால் பயனில்லை. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் ஆவியாதல் குறையும். அதனால்தான் வறண்ட உள்நாட்டு ஊரில் 38° வெயிலைத் தாங்கும் ஒருவர், கடற்கரை ஊரில் 35°-இலேயே தவித்துப் போகிறார்.

நம் ஆய்வகத்தில் உள்ள ஈரக்குமிழ் வெப்பமானி இதனை அளந்து காட்டும். அது 35° காட்டுமாயின், நிழலில் இருக்கும் நல்ல உடல்நலம் உள்ளவர்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் உயிர் தாங்குவது அரிது. உழைப்பவர்க்கும் முதியோர்க்கும் அதற்கு வெகு முன்பே ஆபத்து தொடங்குகிறது.

முடிவுரை

ஆகவே, செய்தியில் சொல்லப்படும் வெப்பநிலையை மட்டும் பார்த்து, “நேற்றைவிட இன்று குறைவுதானே” என்று இருந்துவிடக்கூடாது. புழுக்கம் மிகுந்த நாளில் வயலிலும் பட்டறையிலும் வேலை செய்வோர்க்கு நிழலும், காற்றோட்டமும், குடிநீரும், இடையிடையே ஓய்வும் மிக மிகத் தேவை. நாம் வகுப்பில் படித்த உள்ளுறை வெப்பத்தை இவ்வாறு நம் வீட்டாருக்கும் ஊராருக்கும் எடுத்துச் சொன்னால், படித்த பாடம் பயன்பட்டதாகும்.