கரையைத் தனியாகப் பாருங்கள்: கடல் மாதிரியைச் செயற்கைக்கோள் கொண்டு சோதிக்கும் வழி

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் கரை என்றால் சேலைக் கரைதான். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் தனித்தனி நாடா ஓட்டிக் கோர்வை போட வேண்டும். கை பிசகினால் குறை தெரிவதும் அந்தச் சேர்மானத்தில்தான். கடலைக் கணினியில் கணிக்கும் மாதிரிகளும் நடுக்கடலில் ஒழுங்காக ஓடிவிட்டுக் கரையோரத்தில் சறுக்கும்.

இத்தகைய மாதிரிகளை ஓட்டி மீனவர்களுக்குக் கடல்நிலை முன்னறிவிப்பு தருவது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ். அப்படியொரு மாதிரியை, கடலே கண்ணில் படாத காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து நீங்களும் சோதிக்கலாம். மடிக்கணினி போதும்.

கடலின் மேற்பரப்பு வெப்பநிலையில் தொடங்குங்கள். இஸ்ரோவின் மோஸ்டாக், ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் ஆகிய இணையதளங்களில் பதிவு செய்தால், மாதிரியோடு ஒப்பிடச் செயற்கைக்கோள் தரவு இலவசமாகக் கிடைக்கும். எடுக்கும் முன் ஒன்றை விசாரியுங்கள்: அதே தரவை மாதிரி ஏற்கெனவே உள்வாங்கியிருக்கிறதா? ஆம் என்றால், விடையைப் பார்த்து எழுதியவனுக்கு மதிப்பெண் போட்ட கதைதான். வேறு தரவு தேடுங்கள்.

அடுத்து நேரம். கோப்புகளில் இருப்பது கிரீன்விச் நேரம். ஐந்தரை மணி கூட்டினால்தான் நம் நேரம். பகல் படங்களைத் தவிருங்கள். அகச்சிவப்புக் கருவி பார்ப்பது நீரின் மேல்தோலை மட்டுமே. காற்றில்லாத மதியத்தில் அது தனியாகச் சூடேறிவிடும். மாதிரியின் மேலடுக்கோ அதைவிடப் பலமடங்கு தடிமன். இரவில் இந்தக் குழப்பம் குறைவு.

கட்டங்களைப் பொருத்தும்போது, நுண்ணிய மாதிரியைச் சராசரி எடுத்துச் செயற்கைக்கோளின் பெரிய பிக்சலுக்குக் கொண்டுவாருங்கள். தலைகீழாகச் செய்தால் இல்லாத நுணுக்கத்தை நீங்களே உண்டாக்கியதாகிவிடும். தரக்குறியீடு மோசமான பிக்சல்களையும் நிலம் கலந்தவற்றையும் தயங்காமல் கழித்துவிடுங்கள்.

கடல்மட்டம் கொஞ்சம் வம்பு பிடித்தது. ரேடார் எதிரொலியில் நிலம் கலப்பதால், கரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் கடல்மட்டத்தை ரேடாரால் அளக்கும் வழக்கமான ஆல்டிமீட்டரை நம்ப முடியாது. 2013இல் இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து அனுப்பிய சரல் செயற்கைக்கோள், கா அலைவரிசையில் இயங்கியதால் கரையை இன்னும் நெருங்கி அளந்தது. ஓதத்தைக் கழித்த தரவா என்று பார்க்காமல் ஒப்பிட்டீர்களானால், வருகிற பிழை உங்களுடையது.

இனி கணக்கு: சராசரி விலகல், ஆர்எம்எஸ் பிழை, ஒட்டுறவு. முழு வங்கக் கடலுக்கும் ஒரே எண் போடாதீர்கள். கரையிலிருந்து 25, 50, 100 கிலோமீட்டர் என்று பட்டைகளாகப் பிரியுங்கள். பருவத்தையும் பிரியுங்கள். நம் கரையோர நீரோட்டம் மார்ச், ஏப்ரலில் வடக்கே போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே திரும்பும். அதைத் திருப்பத் தெரியாத மாதிரி, வெப்பநிலையில் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும் என் பார்வையில் தேறாது.

நம் பாலாறும் ஒரு பரீட்சை வைக்கிறது. வருடத்தில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் ஆறு 2021 நவம்பரில் கரைபுரண்டது. ஆற்றுநீரைப் பல ஆண்டுச் சராசரியாக மட்டும் ஊட்டிய மாதிரிக்கு அந்த வெள்ளம் தெரியாது. வயலூர் முகத்துவாரத்துக்கு வெளியே கலங்கல் எவ்வளவு தூரம் போனது என்று கடல்நிறப் படங்களில் தேடலாம், மேகம் வழிவிட்டால்.

மேகம்தான் கடைசி வில்லங்கம். மழைக்காலத்தில் மிஞ்சுவது வானம் வெளுத்த நாட்களின் படங்கள் மட்டுமே. புயல் நாளின் பிழை கணக்கிலேயே வராது. அந்த நாட்களுக்கு மிதவை அளவீடுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல்முறை செய்கிறவர்கள் மார்ச், ஏப்ரல் தரவோடு ஆரம்பியுங்கள். மேகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.