மாதிரி நிரலைப் பிறருக்குக் கொடுக்கலாமா?



எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட், தண்ணீர் மட்டம் இறங்கினால் கிணற்று மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி. நிரலில் பாதி நாங்கள் எழுதியது. மீதி இணையத்தில் எடுத்த மூன்று மாதிரி நிரல்கள். ரெக்கார்டு நோட்டு அழகாக இருக்கட்டும் என்று, அவற்றின் தலைப்பில் இருந்த வரிகளையெல்லாம் நான்தான் அழித்தேன்.

சிம்மக்கல்லில் மோட்டார் கடை வைத்திருக்கும் என் தாய்மாமா கருவியைப் பார்த்தார். "மேலூர்ப் பக்கம் நல்லாப் போகும்டா, பத்து செட் பண்ணிக் குடுங்க" என்றார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்: "இதுல இருக்கிறது பூராம் உங்க சொந்தம்தானே? நாளைக்கு எவனாச்சும் வந்து கேட்டா நான்ல பதில் சொல்லணும்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் நான் அழித்த வரிகளில் இருந்தது.

"சும்மா கிடைக்கிறதைக் குடுத்தா என்ன தப்பு?" என்று நீங்கள் கேட்கலாம். கிடைப்பது வேறு, அதைப் பிறருக்குக் கொடுக்கும் உரிமை வேறு. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில், 1984-இல் வந்த திருத்தம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்புகளோடு சேர்த்தது. எழுதியவுடனேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடும். பதிவு செய்ய வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆகவே அனுமதி எதுவும் எழுதாத நிரலை 'ஃப்ரீ' என்று நினைத்து ஊருக்கெல்லாம் கொடுக்கக் கூடாது.

அனுமதி உள்ளவற்றிலும் பல வகை உண்டு:

1. அர்டுயினோவின் 'பிளிங்க்' மாதிரி, பொதுச்சொத்து என்று தலைப்பிலேயே சொல்கிறது. தாராளமாகக் கொடுக்கலாம்.

2. எம்.ஐ.டி. உரிமம்: மாற்றலாம், கொடுக்கலாம், விற்கலாம். பதிப்புரிமை வரியும் அனுமதி வாசகமும் கூடவே போக வேண்டும்.

3. ஜி.பி.எல். (முதல் பதிப்பு 1989): இதையும் விற்கலாம். ஆனால் வாங்குபவருக்கு மூலநிரலும் அதே உரிமைகளும் கிடைக்கச் செய்ய வேண்டும்.

4. மைக்ரோசிப் போன்ற கம்பெனிகளின் மாதிரி நிரல்கள் பலவற்றை அவர்களுடைய சிப்போடு மட்டும்தான் பயன்படுத்தலாம். விலை குறைவு என்று வேறு சிப்புக்கு மாற்றினால் அந்த அனுமதி செல்லாது.

நம்ம ஊர்ப் பெயரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி இலவசமாகத் தருகிறார்கள். அந்தக் கோப்பை யாருக்கும் கொடுக்கலாம். முகப்புப் பக்கத்தைச் சிதைக்காமல் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயரெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். காசு வாங்காமல் உழைத்தவருக்கு அதுதானே கூலி? நான் அழித்ததும் அப்படி ஒருவருடைய கூலியைத்தான்.

மறுநாளே மூன்று மூலக் கோப்புகளையும் தேடி எடுத்தோம். இரண்டு எம்.ஐ.டி. உரிமத்தில் இருந்தன, அழித்த வரிகளைத் திரும்பச் சேர்த்தோம். மூன்றாவதில் அனுமதி என்று ஒரு வரியும் இல்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த வேலைக்கு நாங்களே புதிதாக எழுதினோம். ஒரு வாரம் ஆயிற்று. உரிமத் தாள்களையும் பெட்டியில் வைத்து மாமாவிடம் கொடுத்தோம். "இப்பப் போடுடா பில்லை" என்றார்.

ஜூனியர்களுக்குப் பென்டிரைவில் நிரல் கொடுக்கும் முன், ஒவ்வொரு கோப்பின் தலைப்பையும் ஒரு தடவை படியுங்கள். அனுமதி இல்லையென்றால் எழுதியவரிடமே கேளுங்கள், அல்லது கோப்பை விட்டுவிட்டு அது இருக்கும் இடத்தை மட்டும் சொல்லுங்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்க வேண்டாம்.