பள்ளி வைஃபையும் பெற்றோரின் அச்சமும்

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து பள்ளிக்குத் திரும்பவிருக்கும் குழந்தைகளின் பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “வகுப்பறையில் வைஃபை பொருத்தியிருக்கிறார்கள். அந்தக் கதிர்வீச்சு எங்கள் பிள்ளைக்கு ஆகுமா?” நோயின் கொடுமையை அருகிருந்து கண்டவர்களுக்கு இவ்வச்சம் இயல்பானதே.

குழப்பத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. எக்ஸ்‌ கதிர், கதிர்வீச்சுச் சிகிச்சை, வானொலி அலை ஆகிய அனைத்தையும் நாம் ‘கதிர்வீச்சு’ என்றே வழங்குகிறோம். ஆயினும் அவை தன்மையில் வேறானவை. எக்ஸ் கதிர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பெயர்த்தெடுக்கும் ஆற்றல் உடையது. ஆகவே மரபணுவைச் சிதைக்க வல்லது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைத்துகளின் ஆற்றலோ, அதற்குத் தேவையானதில் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே. வானொலி அலை மிகுந்த வலிமையுடன் பாய்ந்தால் உடல் சூடேறும். வகுப்பறைக் கருவிக்கு அவ்வலிமை இல்லை. மேலும், தொலைவு இருமடங்கானால் அலையின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறையும்.

மறுபக்கத்தையும் மறைக்க நாங்கள் விரும்பவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2011ஆம் ஆண்டில் வானொலி அலைகளை ‘புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு இருக்கலாம்’ என்னும் 2பி பிரிவில் வைத்தது. கைபேசியைக் காதோடு அணைத்துப் பேசியோர் பற்றிய ஆய்வுகளே அதற்கு முதன்மைக் காரணம். சான்று வரம்புக்குட்பட்டது என்பதையே அப்பிரிவு உணர்த்துகிறது. பிரான்சு நாடு 2015இல், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் தங்கும் காப்பக அறைகளில் வைஃபையைத் தடை செய்தது. அது தீங்கு மெய்ப்பிக்கப்பட்டதால் அன்று, முன்னெச்சரிக்கையாகச் செய்யப்பட்டது.

எனவே, வைஃபைக்கு அஞ்சிப் பிள்ளையின் படிப்பை நிறுத்தாதீர்கள். பிள்ளை கைபேசியில் பேசும்போது ஒலிபெருக்கியையோ காதணிக் கருவியையோ பயன்படுத்தச் செய்யுங்கள். தலையணைக்கடியில் கைபேசி வேண்டா.

உங்கள் கவலையைத் தேவையான இடத்தில் செலுத்துங்கள். இரத்த அணுக்கள் போதிய அளவை எட்டினவா, பள்ளிக்கு எப்போது அனுப்பலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். வகுப்பில் எவருக்கேனும் அம்மையோ தட்டம்மையோ கண்டால் உடனே தெரிவிக்குமாறு ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள். செய்தி வந்த அன்றே எங்களுக்கு அறிவியுங்கள். காய்ச்சல் கண்டால் மறுநாள்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

தோழர்களோடு அமர்ந்து பயிலும் நாள்களும் நலம்பெறுதலின் ஒரு பகுதியே.