சொல்வன்மையும் ஒரு தொழிற்கல்வி

மாணவியரே, பட்டம் வேலைக்கு வாயில் திறக்கும்; அங்கே நிலைக்கச் சொல்வன்மை வேண்டும். திருக்குறளில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்னும் மூன்று அதிகாரங்களும் அமைச்சியலில் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. பொறுப்பேற்பவருக்குச் சொல்லும் ஒரு கருவியன்றோ! அண்ணா பல்கலைக்கழகமும் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் பொறியியல் மாணவருக்கு முதலிரு பருவங்களிலும் தொழில்முறை ஆங்கிலத்தைப் பாடமாக வைத்தது.

‘இயந்திரம் சரியில்லை’ என்றெழுதினால் யாருக்கு என்ன விளங்கும்? ‘3ஆம் இயந்திரத்தில் எண்ணெய் கசிகிறது, தரை வழுக்குகிறது, உடனே நிறுத்துக’ என்றெழுதினால் ஓர் உயிரே காக்கப்படலாம். எங்கே, என்ன நேர்ந்தது, என்ன செய்ய வேண்டும் ஆகிய மூன்றும் அறிக்கையில் அமைதல் வேண்டும்.

கல்லூரியின் ஆய்வுக்கூடக் குறிப்பேடும் கருத்தரங்கமும் இதற்கான பயிற்சிக் களங்கள். எழுதியதைப் பிற துறைத் தோழியிடம் படித்துக் காட்டுங்கள். அவளுக்கு ஐயம் எழும் இடமே திருத்த வேண்டிய இடம்.