மூவர் ஓடும் ஓர் ஓட்டம்

பள்ளி விளையாட்டுப் போட்டியில் நடைபெறும் அஞ்சல் ஓட்டத்தை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். நால்வர் கொண்ட அணி, வெள்ளைக் கோடு போட்ட தடம், கைமாறும் ஒரு கோல். சில நிமிடங்களில் வெற்றியும் தோல்வியும் தெரிந்துவிடும். குறுக்கோட்டமும் நமக்குப் புதிதன்று. பள்ளி வாயிலில் புறப்பட்டு, சாலையோரம், தோட்டம், மேடு, பள்ளம் எனப் பல இடங்களைக் கடந்து, வியர்வை சொட்டச் சொட்டத் திடலுக்குத் திரும்புகிறோம்.

இவ்விரு போட்டிகளையும் ஒன்றாக இணைத்தால் எப்படி இருக்கும்? அதுவே குறுக்கோட்ட அஞ்சல் போட்டி. இளையோர் ஓட்டக் கழகங்கள் பெரிதும் விரும்பிக் கலந்துகொள்ளும் போட்டிகளுள் இதுவும் ஒன்று.

காகிதத் துண்டுகளைத் தேடிய ஓட்டம்

குறுக்கோட்டம் பிறந்த இடம் இங்கிலாந்து. 19ஆம் நூற்றாண்டில் ஷ்ரூஸ்பரி, ரக்பி போன்ற பள்ளிகளின் மாணவர்கள் ஒரு விளையாட்டை விளையாடினர். இருவர் முயல்களாக முன்னே ஓடுவர். ஓடும்போதே காகிதத் துண்டுகளைத் தூவிச் செல்வர். மற்றவர்கள் வேட்டை நாய்களாக அத்துண்டுகளைத் தேடிப் பின்தொடர்வர். வேலி, ஓடை, உழுத வயல் என எதுவும் அவர்களைத் தடுக்கவில்லை. இவ்விளையாட்டே பின்னர் விதிமுறைகள் கொண்ட போட்டியாக வளர்ந்தது. 1868ஆம் ஆண்டில் லண்டனில் தொடங்கப்பட்ட தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ், உலகின் மிகப் பழைய குறுக்கோட்டக் கழகமாகக் கருதப்படுகிறது. முயல் வேட்டை நாய்க்கு ஆங்கிலத்தில் ‘ஹேரியர்’ என்று பெயர். இன்றும் பிரிட்டனின் ஓட்டக் கழகங்கள் பல தம் பெயரில் ‘ஹேரியர்ஸ்’ என்னும் சொல்லைச் சுமந்து வருவதற்கு இதுவே காரணம்.

இந்தக் காகித வேட்டை நம் நாட்டையும் எட்டியது. 1938ஆம் ஆண்டு கோலாலம்பூரில் பணியாற்றிய பிரிட்டிஷ்காரர்கள் சிலர் ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ் என்னும் குழுவைத் தொடங்கினர். தாங்கள் உணவு உண்ட விடுதிக்கு வைத்திருந்த கேலிப்பெயரையே குழுவுக்கும் சூட்டினர். இன்று அப்பெயரில் உலகின் பல நகரங்களில் குழுக்கள் இயங்குகின்றன.

போட்டி நடைபெறும் முறை

இங்கிலாந்தின் தேசியக் குறுக்கோட்ட அஞ்சல் போட்டிகள் பல ஆண்டுகளாக மேன்ஸ்பீல்ட் நகரிலுள்ள பெரி ஹில் பூங்காவில் நடைபெற்று வந்துள்ளன. இலையுதிர் காலத்தின் இறுதியில் நடைபெறும் இப்போட்டிக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கழகங்கள் வருகின்றன. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என இளையோருக்குத் தனிப் பிரிவுகள் உள்ளன. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் போட்டி. இளையோர் அணியில் மூவர் இடம்பெறுவர். பிரிவுக்கு ஏற்ப ஒவ்வொருவரும் 2 அல்லது 3 கிலோமீட்டர் ஓடுவர். ஒரே கழகம் ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளை அனுப்புவதும் உண்டு. எனவே, கழகத்தின் மிக விரைவான மூவருக்கு மட்டுமன்றி, அவர்களுக்கு அடுத்த நிலையில் உள்ளவர்களுக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது.

குறுக்கோட்ட அஞ்சலில் பொதுவாகக் கோல் கிடையாது. பாதையின் குறுக்கே 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போடப்பட்டிருக்கும். அதுவே கைமாற்றும் எல்லை. ஓடி வருபவர் அந்த எல்லைக்குள் அடுத்தவரைத் தொட வேண்டும். தொட்டவுடன் அடுத்தவரின் ஓட்டம் தொடங்கும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், ஒரே நேரத்தில் பல அணிகள் அவ்வெல்லையை நெருங்கும்போது, கூட்டத்தில் தம் அணித்தோழரைக் கண்டுகொள்வதே ஒரு திறமை.

தரையும் ஒரு போட்டியாளர்

திடலின் தடம் எல்லாருக்கும் ஒன்றுபோல் இருக்கும். குறுக்கோட்டப் பாதை அப்படியன்று. மழை பெய்தால் புல்வெளி சேறாகும். ஏற்றத்தில் கால் வழுக்கும். அதனால்தான் ஓட்டக்காரர்கள் அடியில் ஆணிகள் பொருத்திய காலணிகளை அணிகிறார்கள். சேறு ஆழமாக இருக்கும் நாளில் நீளமான ஆணிகளைப் பொருத்திக்கொள்வார்கள்.

இங்கு நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலில் ஓடுபவர் மிதிக்கும் தரையும் மூன்றாவதாக ஓடுபவர் மிதிக்கும் தரையும் ஒன்றல்ல. பல அணிகளின் கால்கள் ஏற்கெனவே அந்தப் பாதையைக் கிளறிவிட்டிருக்கும். மூன்றாமவர் தம் அணித்தோழர்களைவிடச் சில வினாடிகள் கூடுதலாக எடுத்துக்கொண்டால், அவர் மெதுவாக ஓடினார் என்று உடனே முடிவு செய்வது நியாயமாகாது.

யார் எப்போது ஓடுவது?

மூவரையும் எந்த வரிசையில் நிறுத்துவது என்பது பயிற்றுநர் எடுக்க வேண்டிய முக்கிய முடிவு. முதல் சுற்றில் எல்லா அணிகளும் ஒன்றாகப் புறப்படும். தோளோடு தோள் இடிபடும். கூட்டத்தைக் கண்டு மிரளாதவர் அங்கே தேவை. இரண்டாம் சுற்றுக்குள் அணிகள் சிதறிவிடும். முன்னும் பின்னும் யாரும் இல்லாமல் தனியே ஓட வேண்டிய நிலை வரலாம். அப்போது வேகத்தைத் தாமே காத்துக்கொள்ளத் தெரிந்தவர் தேவை. இறுதிச் சுற்றில் ஓடுபவர் ஒன்று துரத்துவார் அல்லது துரத்தப்படுவார். அதைத் தாங்கும் மன உறுதி அவரிடம் இருக்க வேண்டும்.

வேகத்தைக் காப்பது என்றால் என்ன? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு மாணவியால் 2 கிலோமீட்டரை 7 நிமிடம் 30 வினாடியில் ஓட முடியும். அதாவது, ஒரு கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 45 வினாடி. ஆனால், போட்டியன்று தோழிகளின் ஆரவாரத்தைக் கேட்டு, முதல் கிலோமீட்டரை 3 நிமிடம் 20 வினாடியில் ஓடிவிடுகிறார். 25 வினாடி இலாபம்! ஆயினும், மூச்சு வாங்கி, கால் சோர்ந்து, அடுத்த கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 20 வினாடி எடுத்துக்கொள்கிறார். மொத்தம் 7 நிமிடம் 40 வினாடி. 25 வினாடி இலாபம், முடிவில் 10 வினாடி நட்டமாகிவிட்டது. தனி ஓட்டமாக இருந்தால் அந்த நட்டம் அவருடையது மட்டும். இங்கோ அது அணியின் நட்டம்.

இதைவிடக் கடினமான சூழலும் உண்டு. போட்டிக்கு முதல் நாள் கணுக்காலில் வலி. சொன்னால் அணியில் இடம் போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. என்ன செய்வது? வலியை மறைத்து ஓடுவது வீரம் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆனால், பாதி வழியில் நின்றுவிட்டால் மற்ற இருவர் ஓடியதும் வீணாகும். மூவரில் ஒருவர் முடிக்காவிட்டால் அந்த அணிக்கு முடிவே இல்லை. “என்னால் இன்று இயலாது, அவரை ஓடச் சொல்லுங்கள்” என்று சொல்வதற்கு ஓடுவதைவிடக் கூடுதலான துணிவு வேண்டியிருக்கலாம்.

பாரிஸில் ஒரு மூன்றாமவர்

மூன்றாமவரின் முக்கியத்துவத்தை உணர்த்தும் உண்மை நிகழ்வு ஒன்று 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் நடந்தது. அது அஞ்சல் ஓட்டமன்று. எல்லாரும் ஒன்றாகப் புறப்படும் குறுக்கோட்டம். ஆயினும், ஒரு நாட்டின் முதல் மூவர் பெறும் இடங்களைக் கொண்டே அந்நாட்டு அணியின் நிலை முடிவு செய்யப்பட்டது.

ஜூலை 12ஆம் நாள். கடும் வெயில். 38 பேர் புறப்பட்டனர். நிழலற்ற அந்தப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகச் சுருண்டு விழுந்தனர். ஓட்டத்தை முடித்தவர்கள் 15 பேர் மட்டுமே. பின்லாந்தின் பாவோ நூர்மி முதலாவதாக வந்தார். இரண்டு நாள்களுக்கு முன்புதான் அவர் 1,500 மீட்டர், 5,000 மீட்டர் ஆகிய இரு ஓட்டங்களிலும் ஒரே நாளில் தங்கம் வென்றிருந்தார். அதே நாட்டின் வில்லே ரிட்டோலா இரண்டாவதாக வந்தார். தனிப் போட்டியில் தங்கமும் வெள்ளியும் பின்லாந்துக்கே.

ஆனால், அணியின் தங்கம் இன்னும் உறுதியாகவில்லை. மூன்றாமவர் வர வேண்டும். ஹெய்க்கி லீமட்டய்னென் அரங்கத்திற்குள் தள்ளாடியபடி நுழைந்தார். முடிவுக் கோட்டுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் இருக்கும்போது, ஓட்டம் முடிந்துவிட்டதாக எண்ணி நின்றுவிட்டார். பார்வையாளர்கள் கூச்சலிட்டனர். அவர் மெல்லத் தம்மை நிதானித்துக்கொண்டு, நடந்தே கோட்டைக் கடந்தார். அவர் பெற்றது 12ஆவது இடம். அந்தப் 12ஆவது இடம்தான் பின்லாந்து அணிக்குத் தங்கத்தைத் தந்தது. அன்று மூவரும் ஓட்டத்தை முடித்த அணிகள் பின்லாந்து, அமெரிக்கா, பிரான்சு ஆகிய மூன்றே.

அதற்குப் பிறகு குறுக்கோட்டம் ஒலிம்பிக் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. ஆயினும், உலகக் குறுக்கோட்ட வெற்றியாளர் போட்டி தொடர்ந்து வளர்ந்து வருகிறது. 2017ஆம் ஆண்டு உகாண்டாவின் கம்பாலா நகரில் நடைபெற்ற போட்டியில் முதன்முறையாகக் கலப்பு அஞ்சல் ஓட்டம் சேர்க்கப்பட்டது. ஆண்கள் இருவரும் பெண்கள் இருவரும் ஓரணியாக ஓடினர். கென்யா வென்றது.

தனித்தனியே இழுக்கும் தேர்

ஊர் கூடித் தேர் இழுக்கும்போது, ஒருவர் சற்றே கையைத் தளர்த்தினாலும் மற்றவர்களின் வலிமை தேரை நகர்த்திவிடும். குறுக்கோட்ட அஞ்சலில் அப்படி ஒளிந்துகொள்ள இடமில்லை. தம் முறை வரும்போது ஒவ்வொருவரும் தனியாகவே தேரை இழுக்க வேண்டும். தோழர் ஓடும்போது நம்மால் குரல் கொடுக்க முடியுமே தவிர, அவருக்காக ஓரடிகூட ஓட முடியாது.

ஆகவேதான், இந்தப் போட்டி இளையோருக்குச் சிறந்த பயிற்சியாக அமைகிறது. முன்னவர் முந்திக் கொடுத்த இடத்தைக் காக்கக் கற்கிறோம். முன்னவர் பின்தங்கி வந்தாலும் முகம் சுளிக்காமல் நம் ஓட்டத்தைத் தொடரக் கற்கிறோம். கை தொடும் அந்த ஒரு நொடியில் குறை சொல்ல நேரமில்லை. ஓடத்தான் நேரம் இருக்கிறது.

சிந்தித்து விடையளி

1. பிரிட்டனின் ஓட்டக் கழகங்கள் பல ‘ஹேரியர்ஸ்’ என்னும் பெயரைக் கொண்டிருப்பதற்கான காரணம் யாது?
2. மூன்றாவதாக ஓடுபவரின் நேரத்தை மட்டும் கொண்டு அவரது திறமையை மதிப்பிடுவது ஏன் நியாயமாகாது?
3. 1924ஆம் ஆண்டுப் போட்டியில் 12ஆவது இடம் தங்கப் பதக்கத்தைத் தந்தது எவ்வாறு? விளக்குக.
4. உன் கழகத்தில் ஐவர் உள்ளனர். அணியில் மூவருக்கே இடம் உண்டு. கடந்த ஆண்டு சிறப்பாக ஓடிய தோழர் ஒருவர் காலில் வலி இருப்பதை உன்னிடம் மட்டும் கூறி, யாரிடமும் சொல்ல வேண்டா என்கிறார். நீ என்ன செய்வாய்? உன் முடிவுக்கான காரணங்களை வகுப்பில் எடுத்துரை.