சிகாலனும் நாமும்



நம் இல்லங்களில் மரணம் நேருந்தோறும் ஒரு கேள்வி எழுகின்றது. திதியும் திவசமும் விட்டொழித்த பௌத்தன், இறந்த தன் பெற்றோருக்குச் செய்யவேண்டிய கடன் யாது? இதற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் பாபாசாகிப் டாக்டர் அம்பேத்கர் நாகபுரியில் தம்ம தீட்சை ஏற்று, தம்மைப் பின்பற்றிய இலட்சக்கணக்கான மக்களுக்கு 22 உறுதிமொழிகளை அளித்தார். சிராத்தம் செய்வதில்லை, பிண்டம் இடுவதில்லை என்பது அவற்றுள் ஆறாவதாகும்.

என் தந்தையார் காலமானபோது சுற்றத்தார் கூடி, வால்கேசுவர் பாணகங்கைக் குளத்திற்குச் சென்று எள்ளும் தண்ணீரும் இறைத்து வருமாறு வற்புறுத்தினர். நான் உறுதிமொழியை எடுத்துக்காட்டி உரத்த குரலில் மறுத்தேன். அப்பொழுது மூலையில் அமர்ந்திருந்த என் தாயார், "ஏன் ஐயா, உன் கொள்கைக்காக உன் அப்பா பசியோடு கிடக்க வேண்டுமா?" என்று கேட்டார். சுற்றத்தாரை வாதில் வென்ற எனக்கு அவருக்குச் சொல்ல விடை தெரியவில்லை. சில ஆண்டுகள் கழித்து, தீக நிகாயத்தின் 31-ஆம் சூத்திரமாகிய சிகாலோவாதத்தைக் கற்றபோதுதான் அது கிடைத்தது.

சூத்திரத்தின் வரலாறு வருமாறு: பகவன் புத்தர் இராசகிருகத்து வேணுவனத்தில் தங்கியிருந்த காலம். பாபாசாகிப் தாதர் இந்து காலனியில் கட்டிய தம் இல்லத்திற்குச் சூட்டிய பெயரும் இந்நகரின் பெயரே. ஒருநாட் காலை பகவன் பிச்சைக்குச் செல்லும் வழியில், சிகாலன் என்னும் இளைஞன் ஈர ஆடையும் ஈரத் தலையுமாக நின்று ஆறு திசைகளையும் கும்பிடக் கண்டார். காரணம் வினவ, தந்தை இறக்குந் தறுவாயில் அவ்வாறு செய்யக் கட்டளையிட்டார் என்றான் அவன்.

தந்தை சொல்லைத் தட்டாத அம்மகனைப் பகவன் எள்ளி நகையாடவில்லை. நான் செய்ததுபோல் உரத்துப் பேசவுமில்லை. ஆரிய விநயத்தில் திசை வணக்கம் வேறுவிதம் என்று கூறி, அதன் பொருளை விளக்கினார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழே உள்ள திசை நமக்காக உழைப்போர், மேலே உள்ள திசை அறவோர். இவ்வறுவர்க்கும் கடமையாற்றுவதே திசைகளை வணங்குதலாம்.

கிழக்குத் திசைக்குரிய கடமைகள் ஐந்து. என்னை வளர்த்தோரை நான் பேணுவேன்; அவர்தம் காரியங்களை நான் செய்வேன்; குலமரபைக் காப்பேன்; அவர் விட்டுச்செல்வதற்குத் தகுதியுடையவனாவேன்; அவர் இறந்தபின் அவர் பொருட்டுத் தானம் செய்வேன்.

இவற்றுள் மூன்றாவதைக் காட்டி, "குலமரபைக் கைவிட்டீர்களே" என்பாரும் உண்டு. நம் முன்னோர் பௌத்தரே என்று எழுதியும் பேசியும், 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியவர் பண்டித அயோத்திதாசர். அவர் வழி நோக்கின், நாம் மரபைக் கைவிட்டவர் அல்லர், மீட்டவர் ஆவோம்.

இனி ஐந்தாவதே என் தாயார் கேட்ட கேள்விக்கு விடை. பாபாசாகிப் விலக்கியது பிண்டத்தை, நன்றியை அன்று. நான் பிண்டத்தை மறுத்தேன், தானத்தைச் செய்யவில்லை. பாதி உறுதிமொழியையே காத்தேன் என்று உணர்ந்தேன். அடுத்து வந்த நினைவு நாளில் சோறும் குழம்பும் சமைத்து, சயான் மருத்துவமனை வாயிலில் நோயாளிகளுக்குத் துணையாக வந்து காத்திருந்தோர்க்கு அளித்தோம். என் தாயாரே தம் கையால் பரிமாறினார். அதன்பின் அவர் பாணகங்கையைப் பற்றிப் பேசவேயில்லை. தானத்தின் பயன் இறந்தாரை எவ்வாறு சேரும் என்பதில் கருத்துகள் பல. பசித்தவர் பசி தீர்ந்தது என்பதில் இரண்டாவது கருத்து இல்லை. மணிமேகலை ஏந்திய அமுதசுரபி நமக்குக் கற்பித்ததும் இதுவேயன்றோ?

இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். ஐந்து கடமைகளுள் இறந்தபின் செய்வதெனச் சொல்லப்பட்டது ஒன்றே. அதுவும் ஈற்றில் வைக்கப்பட்டுள்ளது. முதலில் நிற்பது பேணுதல். ஒற்றை அறைக் குடியிருப்பில் இருமிக்கொண்டிருக்கும் தாய்க்கு மருந்து வாங்காதவன், பின்னாளில் நூறு பேருக்கு அன்னமிட்டாலும் கிழக்கை வணங்கியவன் ஆகான்.

ஆகவே ஒவ்வொரு பௌர்ணமியன்றும் பஞ்சசீலம் ஏற்றபின், இவ்வைந்து கடமைகளையும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். பெற்றோர் நினைவு நாளில், இயன்ற அளவு, ஒருபிடி சோறாயினும் ஒரு மாணவனுக்குப் புத்தகமாயினும் அவர்கள் பெயரால் வழங்குங்கள். பழைய சடங்கை விடுதற்கு ஒருநாள் துணிவு போதும். அது நின்ற இடத்தில் அறத்தை நிறுத்துதற்கு வாழ்நாள் முழுதும் முயற்சி வேண்டும்.

சாது! சாது! சாது!